மூன்று நாள் பிரசவ வலி உடம்பை என்ன செய்யும்? பெரியாயியைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு ஒரு பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பெண் ஒருவர், மிஸ்ஸியாக (தாதியாக) வேலை பார்த்த என்னிடம் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டிக்கு ஓர் அக்கா இருந்தார். வீட்டில் எல்லாரும் பெரியாயி என்று சொல்வார்களாம். 1950-களின் தொடக்கத்தில், லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தலைப்பிரசவம். மூன்று நாள் வலி. பிள்ளை இறந்தே பிறந்தது. ஒரு வாரம் கழித்து மூத்திரம் தன்னால் ஒழுக ஆரம்பித்து, சாகும்வரை நிற்கவே இல்லை. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். புருஷன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டார். செய்வினை என்றார்கள் சிலர். தீட்டு கழியும் முன்னே வெளியே போனதால் வந்தது என்றார்கள் சிலர். "இது உண்மையில் என்ன நோய் மிஸ்ஸி? எனக்கு இப்போது ஐந்து மாதம். குடும்பத்தில் இருப்பதால் எனக்கும் வருமா? அம்மாவுக்குத் தும்மினால் இருமினால் சிறுநீர் கசிகிறது. அதுவும் இதுதானா?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது ரத்தவழியில் வரும் நோய் இல்லை. பெரியாயிக்கு வந்தது நோயே இல்லை, காயம். பிள்ளை இறங்கும் வழியில் மாட்டிக்கொண்டு, அவரை எடுத்துப்போய் அறுவை செய்ய யாரும் இல்லாமல், மணிக்கணக்கில் கிடந்ததால் ஏற்பட்ட காயம். நேரத்தோடு வைத்தியம் கிடைத்திருந்தால் அந்தக் காயம் வந்திருக்காது. உங்களுக்கு அந்த வைத்தியம் கிடைக்கும். அம்மாவுடையது வேறு சங்கதி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இடுப்பெலும்பு ஒரு வளையம். பிள்ளையின் தலை அந்த வளையத்துக்குள் இறங்கித் திரும்பி வெளியே வரவேண்டும். வளையத்தின் முன்பக்கத்து எலும்புக்கும் பிறப்புவழிக்கும் நடுவில் மூத்திரப்பை இருக்கிறது. பின்பக்கம் மலக்குடல். சில பெண்களுக்கு வளையம் சிறியதாக இருக்கும், அல்லது பிள்ளை பெரியதாக இருக்கும், அல்லது தலை கோணலாகத் திரும்பியிருக்கும், சில நேரம் பிள்ளை குறுக்கே படுத்திருக்கும். அப்போது தலை பாதி வழியில் சிக்கிவிடும். கருப்பையோ விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பிரசவத்தில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே இளகல் உண்டு, அந்த இடைவெளியில் சதைக்கு ரத்தம் ஓடும். தலை சிக்கிவிட்டால் அந்த இளகல் கிடையாது. ஒரு பக்கம் பிள்ளையின் மண்டையோடு, மறுபக்கம் தாயின் எலும்பு, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சதை. இறுக்கமான மோதிரத்தைக் கழற்றாமல் விட்டால் விரல் வீங்கி நீலமாகிறதல்லவா, அதே கதைதான். விரலையாவது கண்ணால் பார்க்கலாம், இது உள்ளே நடக்கும். ரத்தம் நின்ற சதை சாகிறது.

இந்த நெருக்கத்தில் பிள்ளையும் மூச்சுத் திணறி இறந்துவிடும். இப்படிப்பட்ட பிரசவங்களில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைப்பதில்லை. இறந்த பிள்ளையின் தலை ஒரு நாள், இரண்டு நாளில் இளகிச் சுருங்கும். அதற்குப் பிறகுதான் வெளியே வரும். "மூன்றாம் நாள் தானாகவே பிறந்துவிட்டது" என்று பழைய ஆட்கள் சொல்வதன் உள்விவரம் இதுதான். தானாகப் பிறக்கவில்லை. இறந்ததால் வெளியே வர முடிந்தது.

செத்துப்போன சதை உடனே விழாது. மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிரும். உதிர்ந்த இடத்தில் மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே ஓட்டை. டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள். அதன் பிறகு மூத்திரம் பையில் தங்காது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் நடந்தாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். பின்பக்கச் சதை செத்திருந்தால் மலமும் காற்றும் அதே வழியில் வரும். இப்போது வீட்டில் இருந்தவர்கள் நிலையில் நின்று பாருங்கள். பிரசவம் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். பதினாறாம் நாள் தீட்டு கழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒழுக்கு. பிரசவத்துக்கும் இதற்கும் நடுவில் அத்தனை நாள் இருப்பதால் யாருக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை. அதற்குள் அவள் வாசலுக்குப் போயிருப்பாள், கொல்லைக்குப் போயிருப்பாள். அதன் மேல் பழி விழுகிறது. செய்வினைக் கதை இப்படித்தான் பிறக்கிறது. தோட்டத்து ஜனங்கள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து யோசித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த யோசனையின் பாரம் முழுவதையும் ஒரு பெண் தலையில் இறக்கினார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கால் இழுத்ததும் இதே காயத்தின் இன்னொரு பக்கம். காலுக்குப் போகும் நரம்புகள் இடுப்புக்குள் இறங்கித்தான் போகின்றன. தலை அழுத்தும்போது அவையும் நசுங்கும். அதோடு, நாள் கணக்கில் முழங்காலை மடித்துக் குந்தியே இருந்தாலும் முட்டிக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கும். பாதத்தை மேலே தூக்க முடியாது, நடக்கும்போது விரல் தரையில் உரசும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பிவிடும். சிலருக்குக் கடைசிவரை திரும்பாது. பெரியாயிக்கு ஒழுக்கும் காலும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதால்தான் என் கண்ணால் பார்க்காத ஒருவரைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன். தலைப்பிரசவம், மூன்று நாள், இறந்த பிள்ளை, ஒரு வாரத்தில் ஒழுக்கு, ஒரு பக்கக் கால்: வேறெதுவும் இப்படி வரிசையாகப் பொருந்தாது. இன்னும் சில உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பலருக்கு மாதவிடாய் நின்றுபோகும், பிறப்புவழி தழும்பாகிச் சுருங்கிவிடும், மறுபடி கரு தங்காது. 1996-இல் டாக்டர்கள் சிலர் இவை எல்லாவற்றையும் சேர்த்து, தடைப்பட்ட பிரசவம் உடம்பில் உண்டாக்கும் ஒரே காயத்தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். ஓட்டையை மட்டும் தைத்துவிட்டு அனுப்பினால் வேலை முடியவில்லை என்பது அதன் பொருள்.

இப்படி வாழ்ந்த ஒரு பாட்டியை வேலையில் இருந்த காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். லயத்தின் கடைசி வீடு. உள்ளே போனதும் அமோனியா நெடி கண்ணில் எரியும். பாய்க்கு மேலே ஒரு பழைய கித்தா (ரப்பர்) சீட்டு, அதற்கு மேலே கிழித்த கைலித் துணிகள் நாலு மடிப்பாக. தொடை இரண்டும் உப்புப் பட்டது போல வெந்திருந்தது. நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் பாட்டி என்று கேட்டேன். ஒரு மங்கு என்றார். அதிகம் குடித்தால் அதிகம் ஒழுகும் என்று பல வருடமாக அப்படியே இருந்திருக்கிறார். நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் நேர்மாறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், தோல் இன்னும் எரியும், நெடி கூடும், பையில் கல் சேரும். நிறையக் குடித்தால் ஒழுகுவது தண்ணீர் போல இருக்கும், புண் ஆறும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் போனதில்லை என்று அவர் மருமகள் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார். யாரும் வரவேண்டாம் என்று தடுக்கவில்லையாம், அவராகவே போகவில்லை. உங்கள் பெரியாயி கடைசிக் காலத்தில் எங்கே படுத்தார், யார் துணி துவைத்துக் கொடுத்தார்கள் என்று பாட்டி உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஏன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடி. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதோடு, கம்யூனிஸ்ட் கலகத்தை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்கியது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. உங்கள் பெரியாயியின் பிரசவம் சரியாக அதன் நடுவில் விழுகிறது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, இருட்டியபின் வெளியே தலைகாட்ட பயம். ராத்திரியில் வலி எடுத்த பெண்ணுக்காக யார் லாரியை எடுப்பார்கள்? பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, சின்னத் தோட்டத்தில் ஒரு டிரஸரும் (டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் உதவியாளர்) ஒரு மருத்துவச்சியும் இருந்தால் பெரிது. மருத்துவச்சி கைக்கு ஆயிரம் பிள்ளை பிறந்திருக்கலாம். ஆனால் சிக்கிய தலையை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டும், அதற்கு ஈப்போ போன்ற பெரிய ஊருக்குப் போக வேண்டும்.

பிரசவச் சாவுகளைப் படித்தவர்கள் மூன்று தாமதம் என்று பிரித்துச் சொல்வார்கள்: போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த இடத்தில் கவனிப்பதில் தாமதம். திருச்சி மலையில் தாயுமானவர் கதை தெரியுமல்லவா? மகளுக்கு நிறைமாதம், காவிரியில் வெள்ளம், அக்கரையில் மாட்டிக்கொண்ட தாய் வரமுடியவில்லை. சிவனே தாய் உருவத்தில் வந்து பேறு பார்த்தார் என்பார்கள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வைக்கிறோம் என்று இன்றும் நேர்ந்துகொள்கிறார்கள். நம் முன்னோர்களுக்கு இரண்டாவது தாமதம் நன்றாகவே தெரிந்திருக்கிறது என்றுதான் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நினைப்பேன்.

முதல் தாமதம்தான் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாதது. "மூணு நாள் வலி தாங்கிப் பெத்தவ" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் வயிறு பிசையும். வலி தாங்குவது பெண்ணின் குணமாக ஆகிவிட்டால், போதும், இனி வண்டியைக் கூப்பிடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பெண்ணே சொல்லமாட்டாள். பெரியவர்கள் சொல்லும்வரை காத்திருப்பாள்.

சரி, அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியமே இல்லையா? இருந்தது. அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற ஊரில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் 1845-க்கும் 1849-க்கும் இடையே இந்த ஓட்டையைத் தைக்கும் முறையை உருவாக்கினார், வெள்ளிக் கம்பியால் தைத்து. யார் உடம்பில் பழகினார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இதைச் சொல்லக்கூடாது. அடிமைப் பெண்கள் உடம்பில். அனார்க்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெயர்கள் தெரியும். அனார்க்காவுக்கு மட்டும் 30 அறுவை, மயக்க மருந்து இல்லாமல். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையே கிடையாது. நியூயார்க் பூங்காவில் நின்ற சிம்ஸ் சிலையை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அந்த முறையால் குணமான பெண்கள் ஏராளம் என்பது உண்மை, அந்த மூன்று பேரின் வேதனையும் உண்மை. கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இரண்டில் ஒன்றை மறைத்துப் பேச மனம் வராது.

பிறகு பணக்கார நாடுகளில் பிரசவ அறுவை எளிதாகக் கிடைத்ததால் இந்தக் காயமே மறைந்துபோனது. ஏழை நாடுகளில் அப்படியே இருந்தது. 1959-இல் ரெஜினால்ட் ஹாம்லின், கேதரின் ஹாம்லின் என்ற கணவன் மனைவி டாக்டர்கள் எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். 1974-இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். கேதரின் 2020-இல் தமது 96-ஆவது வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கே நோயாளியாக வந்த மமிட்டு காஷே என்ற பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், அறுவை அரங்கில் உதவிக்கு நின்று நின்று பின்னாளில் தாமே அறுவை செய்யும் கைதேர்ந்தவராக ஆனார். இன்றும் உலகத்தில் சுமார் 5 லட்சம் பெண்கள் இந்தக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை கணிக்கிறது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும். ஒவ்வொரு ஆண்டும் மே 23 இதற்கான உலக நாள்.

நம் நாட்டுக்கு வருவோம். மெர்டேக்கா (1957-இல் சுதந்திரம்) நேரத்தில் மலாயாவில் லட்சம் பிறப்புக்கு 200-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1990-க்குள் அது 50-க்கும் கீழே இறங்கியது. தாய் இறப்பதும் ஓட்டை விழுவதும் ஒரே காரணத்தின் இரண்டு முடிவுகள்தான், ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். கம்பத்துக்கு கம்பம் (கிராமத்துக்கு கிராமம்) கிளினிக் டேசா என்ற சின்னக் கிளினிக், பயிற்சி பெற்ற மருத்துவச்சி, பழைய பிடான்மார்களை (நாட்டு மருத்துவச்சிகளை)ப் பகைக்காமல் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வண்டி: பெரிய அதிசயம் எதுவும் இல்லை, பொறுமையான வேலை. தோட்டத்து ஜனங்களுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது, ஏனென்றால் தோட்டம் தனியார் நிலம், உள்ளே எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று பல காலம் விட்டுவிட்டார்கள்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த கருவி ஒரு தாள். பார்டோகிராஃப் என்று பெயர். கட்டம் போட்ட ஒற்றைத் தாள், தலைமாட்டில் தொங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கருப்பைவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று பார்த்து ஒரு பெருக்கல் குறி போடுவோம். தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு வட்டம். பிள்ளையின் இதயத் துடிப்புக்குப் புள்ளி. தாளில் இரண்டு சாய்கோடுகள் அச்சிட்டிருக்கும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஏறுவது எச்சரிக்கைக் கோடு; அதற்கு நாலு மணி நேரம் தள்ளி இருப்பது செயல் கோடு. நம் குறிகள் முதல் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் சாய ஆரம்பித்தால், சின்ன இடமாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயாராக வேண்டும். இரண்டாவது கோட்டைத் தொட்டால் டாக்டர் உடனே வந்து முடிவெடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில்தான், 35,484 பிரசவங்களில். 1994-இல் முடிவு வந்தது. இழுத்துக்கொண்டே போகும் பிரசவம் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. அவசர அறுவையும் கூடவில்லை, குறைந்தது. பிறகு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் புதிய வகைத் தாளைக் கொண்டுவந்திருக்கிறது. எல்லாருக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கண்டிப்பைத் தளர்த்தி, 5 சென்டிமீட்டரிலிருந்துதான் கடும்வலிக் கட்டம் என்று எண்ணச் சொல்கிறது. அந்தக் கட்டம் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்துக்கு மேலே போவது வழக்கமில்லை. முழுதும் திறந்தபின் முக்கிப் பெறுவதற்கு 3 மணி நேரத்துக்குள். பெரியாயியின் 3 நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் பிரசவத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பரிசோதனைப் புத்தகத்தோடு ஒவ்வொரு தவணையும் தவறாமல் கிளினிக்குக்குப் போங்கள். முதல் நாளே உயரம் அளந்திருப்பார்கள். 145 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் இடுப்பு வளையம் சிறியதாக இருக்கலாம் என்று குறித்து வைப்பார்கள். உயரம் குறைந்த எல்லாருக்கும் அறுவை என்று அர்த்தமில்லை, எங்கே பெறுவது என்று முன்கூட்டியே முடிவெடுக்கத்தான். சிறுவயதில் சாப்பாடு போதாமல் வளர்ந்த பெண்களுக்கும், உடம்பு முழுதாக வளரும் முன்னே பிள்ளை சுமக்கும் பெண்களுக்கும் வளையம் சிறுத்திருப்பது உண்டு. பெரியாயி தலைமுறையில் இரண்டும் இருந்தன. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டு எதற்கு என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். எந்த நிறத்துக்கு எந்த இடத்தில் பிரசவம் என்று அதில்தான் இருக்கிறது. நீங்கள் இன்னும் தோட்டத்து உள்வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு யார் கார் எடுப்பார் என்பதை எட்டாம் மாதமே பேசி வைத்துவிடுங்கள். இரண்டாவது ஆளையும் சேர்த்து. செம்பனைக் காட்டு மண்சாலை மழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வலி வந்தபின் ஒரே ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகச் செய்யுங்கள்: இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். நிறைந்த பை தலை இறங்குவதைத் தடுக்கும், நசுங்கவும் செய்யும். பிள்ளை பிறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், குழாய் போட்டு எடுப்பார்கள். தையல் எரியுமே என்று அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பை ஒருமுறை அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் பழைய நிலைக்கு வர நாளாகும்.

இன்று நம் ஊரில் ஓட்டை அறவே இல்லையா என்றால், உண்டு, காரணம் மாறிவிட்டது. கருப்பை எடுக்கும் அறுவை, சிக்கலான சிசேரியன் போன்றவற்றுக்குப் பிறகு எப்போதாவது ஏற்படும். பிரசவமோ அறுவையோ முடிந்து இரண்டு வாரத்துக்குள் உணர்வே இல்லாமல் ராப்பகலாக ஒழுகினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. புதிய, சின்ன ஓட்டை என்றால் குழாய் போட்டு நாலிலிருந்து ஆறு வாரம் பையைக் காலியாகவே வைத்தால் தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. தாண்டிவிட்டால் சதை ஆறும்வரை சுமார் மூன்று மாதம் பொறுத்து அறுவை. பழகிய கை செய்தால் பெரும்பாலும் முதல் தடவையிலேயே மூடிவிடும். அடுத்த பிள்ளை மட்டும் சிசேரியன்தான்.

என் கவலை வேறிடத்தில். நம் ஜனங்கள் காலி செய்த லயங்களில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். குடியேற்றப் பத்திரம் இல்லாத பெண்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்று பயம். வெளிநாட்டவர்களுக்கான கட்டணமும் தாங்க முடியாதது. அவர்களும் வீட்டிலேயே வலி தாங்குகிறார்கள். அன்று நம் பெண்ணை ஊரடங்கு தடுத்தது, இன்று இவர்களைப் பயம் தடுக்கிறது. உங்கள் லயத்தில் அப்படி யாராவது ஒரு நாளுக்கு மேல் வலியில் இருந்தால், எந்த ஊர் என்ன மொழி என்று பார்க்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அம்மா. தும்மும்போது, சிரிக்கும்போது, வாளி தூக்கும்போது மட்டும் கசிகிறது, மற்ற நேரம் அடக்க முடிகிறது என்றால் அது ஓட்டை இல்லை. இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில் துணி மாதிரி விரிந்திருக்கும் தசைகள் பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்ததால் வருவது. சில பெண்களுக்கு அந்தத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கும், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் அதிகம். சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு: பைக்குள் நீல மருந்துத் தண்ணீரை விட்டு, பிறப்புவழியில் மூன்று பஞ்சுருண்டைகளை வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் நடக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு நீலமானால் ஓட்டை. வாசலில் இருப்பது மட்டும் நனைந்தால் இந்தத் தசைத் தளர்ச்சி.

தோட்டத்துப் பெண்களுக்கு இது ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டால், பிரசவம் மட்டும் காரணமில்லை என்பேன். பச்சை உடம்பு காயும் முன்னே பெரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுப்பது) நின்றவர்கள். ரப்பர்ப் பால் வாளிகளைக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவர்கள், பிறகு செம்பனைக் குலை. அடிவயிற்றின் பாரம் கீழே இறங்காமல் என்ன செய்யும்? உங்கள் அம்மாவுக்கு அடியில் ஏதோ இறங்கினாற்போல, உட்கார்ந்தால் ஒரு உருண்டை மேல் உட்கார்ந்தாற்போல இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அதுவும் இருந்தால் கருப்பை இறக்கம். வயிற்றை இறுக்கிக் கட்டினால் ஏறிவிடும் என்பார்கள், ஏறாது. மேலே இறுக்கினால் கீழேதான் அமுங்கும். இறக்கத்துக்குப் பிறப்புவழிக்குள் ஒரு வளையம் வைத்துத் தாங்கலாம், அறுவையும் உண்டு, வயது ஒரு தடையில்லை.

கசிவுக்கு முதல் வைத்தியம் பயிற்சி. காற்று வராமல் அடக்குகிற மாதிரியும் சிறுநீரைப் பாதியில் நிறுத்துகிற மாதிரியும் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறு, தொடை, புட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. எட்டு எண்ணும்வரை பிடிக்க முயல வேண்டும், முதலில் மூன்று நான்குதான் வரும், பரவாயில்லை. ஒரு தடவைக்கு எட்டு இழுப்பு, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். ஒரு மாதத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது. சரியாக இழுக்கிறாரா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. உண்மையில் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். நீங்களும் இப்போதிலிருந்தே செய்யலாம், ஐந்தாம் மாதம் நல்ல நேரம்.

அம்மாவை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) கூட்டிப்போங்கள், ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). "சிறுநீர் பிரச்சினை" என்று பொதுவாகச் சொன்னால் கிருமிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. இத்தனை வருடமாகத் தும்மினால் கசிகிறது, அடி இறங்கிய மாதிரி இருக்கிறது, பெண்கள் பிரிவு நிபுணருக்குக் கடிதம் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். அம்மா சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள். போவதற்கு முன் மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை போனார், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால் நிபுணருக்குப் பாதி வேலை மிச்சம்.